ஆற்றில் சோதிக்கப்பட்டது

போன மாதம், மதியச் சாப்பாடு முடிந்து கண் அசரும் நேரத்தில் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த பணிமனையில் இப்போது ஃபிட்டராக இருக்கும் பிரபு பேசினார்.

"சார், புது மோட்டார் ரெண்டும் சர்வீஸுக்குப் போயிருக்கு. பழைய படகு மோட்டாரை வெளிய எடுத்திருக்கோம். கார்புரேட்டர்ல பெட்ரோல் திருகு எத்தனை சுத்து வெக்கணும்?"

"ஒண்ணேகால்," என்றேன்.

"தேங்க்ஸ் சார்," என்று வைத்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்லாமல் விட்ட மாதிரி ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டபோது நாற்பது நிமிடம் பேசித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இதை எழுதிக் குடுங்க. எனக்கு அடுத்து வர்றவங்களுக்கும் ஆகும்," என்றார். பேச்சை நிறுத்துவதற்காகச் சொன்னாரோ என்னவோ, நான் நிஜமாகவே நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். ஸ்பானர் பிடித்த கை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நல்லுசாமி. சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம். அப்பா வானத்தை நம்பி விவசாயம் செய்தவர். எங்கள் ஊரில் படகு என்றால் மழைக்காலத்தில் பிள்ளைகள் விடும் காகிதப் படகுதான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் முப்பது வருடம் படகு மோட்டார் பார்த்தேன் என்பதைச் சொந்தக்காரர்கள் இன்னும் நம்புவதில்லை. திருச்சி பாலக்கரையில் ஒரு டூவீலர் பட்டறையில் ஆறு வருடம் கை பழகினேன். பிறகு வெள்ளக் காலத்துக்காகப் படகு வைத்திருந்த ஓர் அரசு அலுவலகத்தில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

அங்கே ஜீப்புகளும் தண்ணீர் இறைக்கும் பம்புகளும் இருந்தன. ஒரு ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்டுகிற எட்டுக் குதிரைசக்தி மோட்டார் ஒன்றும் இருந்தன. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய பழைய வகை. வேறு மாவட்டத்தில் வேலை செய்து களைத்து எங்களிடம் வந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் சம்பந்தி. காரணம், மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சமாதானம் செய்ய நான்தான் போக வேண்டும்.

சமாதானம் என்றால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது. ஒவ்வொரு மே மாதமும் அந்தச் சடங்கு நடக்கும். மேல் மூடியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை உருவி, இரண்டு நட்டை எடுத்தால் கார்புரேட்டர் கைக்கு வந்துவிடும். ஒரு சாத்துக்குடி அளவுதான் இருக்கும். அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் ஒரு மிதவை, மிதவையின் தோளில் ஓர் ஊசி. கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே ஏறி ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். மாடித் தொட்டியில் பந்து வால்வு செய்கிற வேலைதான். பிறகு ஜெட். பித்தளைத் திருகு, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு துளை. பெட்ரோல் அளந்து போகும் வழி அது. மோட்டாரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கழற்றியதை எல்லாம் வைக்க என்னிடம் ஒரு பணியாரச் சட்டி இருந்தது. ஏழு குழி. கைப்பிடி உடைந்துபோனதால் என் மனைவி கழித்துக்கட்டியது. கழற்றின வரிசையிலேயே ஒவ்வொரு குழிக்கும் ஒரு பாகம் வைத்துக்கொண்டே போவேன். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டும். ஏழு குழியும் காலியானால் வேலை முடிந்தது. ஏதாவது மிச்சமிருந்தால் தப்பு நடந்திருக்கிறது. இதைவிட நல்ல முறையை எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி விடவே கூடாது. அடைப்பு போய்விடும், கூடவே துளையும் பெரிதாகிவிடும். அப்புறம் அது ஜெட் இல்லை, ஓட்டை. பெட்ரோலில் ஊறப்போட்டு, நைலான் பிரஷ்ஷிலிருந்து ஒற்றை இழையை உருவி மெல்ல விட்டு எடுத்து, சைக்கிள் பம்பால் காற்று அடிப்பேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளை வழியாக வானம் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகுதான் பெட்ரோல் திருகு. அதை உள்ளே திருகினால் மெதுவான ஓட்டத்துக்கு வரும் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். முதலில் உள்ளே முட்டும் வரை, பூட்டை உடைக்கிற வேகம் இல்லாமல், விரல் நுனியால் திருகி, அங்கிருந்து ஒன்றேகால் சுற்று வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு மோட்டாரை ஓட்டிச் சூடேற்றி, காதை வைத்துக் கேட்டு அங்கே இங்கே கொஞ்சம் நகர்த்த வேண்டும். பெட்ரோல் அதிகமானால் தொண்டை கட்டின குரலில் திணறி ஓடும். குறைந்தால் தும்மி நின்றுபோகும். நடுவில் ஓர் இடத்தில் குரல் தேன் மாதிரி வரும். அந்த இடத்தைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். வினையே அதில்தான் இருந்தது.

மோட்டாரை ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டும். எங்களிடம் ஒரு பெரிய இரும்பு ட்ரம் இருந்தது. அதன் விளிம்பில் பலகை அடித்து, மோட்டாரைப் பலகையில் மாட்டி, விசிறி இருக்கும் கீழ்ப்பகுதியைத் தண்ணீரில் இறக்கி ஓட்டுவோம். ஆனால் விதிப்படி அது போதாது. சோதனைப் பதிவேட்டில் ஒரே ஒரு கட்டம்தான்: 'ஆற்றில் சோதிக்கப்பட்டது.' மே மாதத்துக்குள் கையெழுத்தாக வேண்டும். மே மாதத்தில் திருச்சியில் காவிரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டே நடந்து போகலாம். தண்ணீர் கிடக்கும் இடம் தேடி முக்கொம்பு வரை போக ஜீப் வேண்டும், டீசலுக்கு அனுமதி வேண்டும், ஒரு முழு நாள் வேண்டும். அதனால் எனக்கு முன்னால் இருந்தவரும் ட்ரம்மில் ஓட்டி ஆற்றில் என்று கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். பதிவேட்டில் மட்டும் கோடைக்காலத்திலும் காவிரி கரை புரண்டு ஓடியது.

எனக்கு நாற்பத்தோரு வயது நடந்தபோது எங்களுக்கு உதவிப் பொறியாளராக ஜெசிந்தா மேடம் வந்தார். மேலப்புதூர்ப் பக்கம், மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். வயது இருபத்தேழுக்கு மேல் இருக்காது. முதல் நாளே என்னை "ஃபிட்டர் சார்" என்று கூப்பிட்டார். எந்த அதிகாரியும் அதுவரை என்னை சார் என்றதில்லை. கிண்டல் செய்கிறாரோ என்று ஒரு வாரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டல் இல்லை, அவர் அப்படித்தான்.

அவர் யாரிடமும் 'முடியாது', 'தப்பு' என்று சொல்ல மாட்டார். நாம் எதைச் சொன்னாலும், "அப்படியா? காட்டுங்க," என்பார். பழைய பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு நம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். கையில் சின்ன நோட்டு, பென்சில். முதல் தடவை பணியாரச் சட்டியைப் பார்த்தபோது சிரிப்பார் என்று நினைத்தேன். ஏழு குழியையும் படம் வரைந்து, எந்தக் குழியில் எது என்று எழுதிக்கொண்டார். அதிகாரிகளில் அப்படி ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

ஆனால் அந்த மே மாதம் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"ஆத்துல ஓட்டிப் பாத்தீங்களா ஃபிட்டர் சார்?"

"ட்ரம்ல மேடம். ட்ரம்ல இருக்கறதும் காவேரித் தண்ணிதான். குழாய்ல அதானே வருது?"

அவர் சிரிக்கவில்லை. "ட்ரம்ல ஓடினா ஆத்துல ஓடும்னு எப்படிச் சொல்றீங்க?"

"அனுபவம் மேடம்."

நோட்டில் 'அனுபவம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. சுருக்கென்று கோபம் வந்தது. "இதுவரைக்கும் இருந்த எல்லா மேடமும் எல்லா சாரும் இப்படித்தான் போட்டாங்க," என்றேன். அவர் புதிதாக வந்தவர், வயதில் பெரியவன் நான் சொல்கிறேன். நோட்டை மூடிவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார். அவர் கையில் பேனாவைத் திணித்தது நான்தான் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கோபத்தோடு போய், மோட்டாரை இன்னும் ஒருமுறை ஓட்டினேன். வெயில் தாங்காமல் ட்ரம்மைத் தகரக் கொட்டகைக்குள் நகர்த்தியிருந்தோம். கேள்விக்குறி போட்ட மேடத்துக்குக் கேட்க வேண்டும் என்றே திருகை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுபோய், இதுவரை யாரும் கேட்காத ஒரு தேன் குரலை வரவழைத்தேன். பணிமனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

படகை ஓட்டுபவர் காதர் பாய். என்னைவிட ஏழு வயது சின்னவர். தினக்கூலியாகப் பன்னிரண்டு வருடம் இருந்தவர். சம்பந்தியை என்னைவிட நன்றாகப் புரிந்தவர் அவர்தான். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த வருடம்தான் மேசை மேசையாக ஏறத் தொடங்கியிருந்தது. அந்த முறை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு கோப்பே கிடையாது. பாய் தினமும் விடியற்காலை சுபுஹு தொழுகையில் அதற்காக துஆ கேட்பதாகச் சொல்வார்.

ஆடி மாதம் மேட்டூர் நிரம்பியது. உபரித் தண்ணீர் முழுவதையும் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள். பல வருடமாக மணலாகக் கிடந்த ஆறு ஒரே நாளில் கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் போனது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே நடு ஆற்றுத் திட்டில், ஆடு மேய்க்கப் போன நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள். காலை பத்து மணிக்குப் படகு இறங்கியது.

நான் கரையில் நின்றேன். காதர் பாய் ஒற்றை ஆளாக மெதுவாக, நீரோட்டத்துக்குச் சாய்வாகப் போய்த் திட்டைப் பிடித்தார். நாலு பேரும் ஏறினார்கள். ஓர் ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டார்கள். திரும்பும்போதுதான் பாரம். நடு ஓட்டத்துக்கு வந்ததும் பாய் வேகத்தைக் கூட்டினார். மோட்டார் ஒரு தும்மல் தும்மி நின்றுவிட்டது.

அதுவரை காதில் விழாத ஆற்றின் சத்தம் அப்போது விழுந்தது. பாய் கயிற்றை இழுத்தார், பிடித்தது. வேகம் கொடுத்தார், நின்றது. மறுபடி இழுத்தார், பிடித்தது, நின்றது. படகு பக்கவாட்டாகத் திரும்பிப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் கத்துவது கேட்டது. நான் கரையோரமாக முள்ளில் விழுந்து எழுந்து ஓடினேன். ரெங்கநாதா என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. பாலத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே படகு எப்படியோ நுழைந்து போனது. அதற்கப்புறம் மோட்டார் சத்தம் திரும்பக் கேட்டது. நோஞ்சான் சத்தம்தான், ஆனால் நிற்கவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் கீழே நாணல் புதருக்குள் படகைச் செருகி நாலு பேரையும் குட்டியையும் இறக்கினார் காதர் பாய். அவர் இடது கை விரல்கள் உரிந்து ரத்தமாக இருந்தன.

"சோக்கைப் பாதி இழுத்துக் கையிலயே புடிச்சுக்கிட்டு வந்தேண்ணே," என்றார். "விட்டா உள்ள போயிருது, நின்னுருது."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. சோக் என்பது காற்று வரும் வழியைப் பாதி மூடும் தகடு. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். பெட்ரோலில் மூழ்கி நிற்கும் மோட்டாரில் சோக்கை இழுத்தால் அது பிடிக்கவே பிடிக்காது. சோக்கை இழுத்ததும் ஓடியது என்றால், அதற்குப் பெட்ரோல் பற்றாமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலைக் குறைத்தது என் விரல்.

மறுநாள் அலுவலகத்தில் விசாரணை. எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்த பெரிய சார் வந்திருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். காதர் பாய் நடந்ததைச் சொன்னார். சோக் என்ற வார்த்தை வந்ததும் பெரிய சார் பிடித்துக்கொண்டார்.

"ஓடிச் சூடான இன்ஜின்ல யாராவது சோக்கை இழுப்பாங்களாய்யா? பெட்ரோல்ல மூழ்கிப் போயிருக்கும். அதான் நின்னு நின்னு போயிருக்கு. மோட்டார்ல குறையில்ல. இந்தா, ஆத்துல சோதிச்சு கையெழுத்தாகியிருக்கு."

பதிவேட்டைத் திறந்து மேசையில் போட்டார். என் கையெழுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது. "இவரைப் படகுல இருந்து எடுங்க. நிரந்தர ஃபைலை நிறுத்தி வெய்ங்க," என்றார்.

நாலு உயிரைக் காப்பாற்றியது எதுவோ அதுவே குற்றமாகிவிட்டது. காதர் பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் பொய்க் கையெழுத்து வெளியே வரும். சஸ்பெண்ட் ஆகலாம். பெரியவள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள், சின்னவன் பத்தாவது. இதெல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை. அன்று என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன்.

மதியம் ஜெசிந்தா மேடம் பணிமனைக்கு வந்து பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். "ஃபிட்டர் சார், கார்புரேட்டரைக் கழட்டிக் காட்டுங்க."

கழற்றினேன். ஏழு குழியும் நிறைந்தது. தூசு இல்லை, தண்ணீர் இல்லை, ஜெட் வழியாக வானம் தெரிந்தது.

"அந்தத் திருகு எத்தனை சுத்துல இருந்துச்சு?"

கழற்றும் முன் உள்ளே முட்டும் வரை எண்ணித் திருகியதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "முக்கால்," என்றேன்.

"முக்கால் சரிதானா?"

அப்போது சொல்லியிருக்கலாம். "சரிதான் மேடம்," என்றேன். அவர் முக்கால், சரி என்று எழுதிக்கொண்டு எழுந்து போனார். இந்த முறை கேள்விக்குறி போடவில்லை. என்னை நம்பிவிட்டார். கேள்விக்குறி போட்டிருந்தால்கூட மனது இவ்வளவு குறுகுறுத்திருக்காது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து காதர் பாய் வந்தார். படகுச் சாவியையும் மிதவை ஜாக்கெட்டுகளையும் ஒப்படைக்க வந்திருந்தார். எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஏழும் இருக்குண்ணே, எண்ணிப் பாத்துக்கங்க. ஒண்ணுல வார் அறுந்திருந்துச்சு, தைச்சுட்டேன். அடுத்து வர்ற ஆள்கிட்ட சொல்லிருங்க, திரும்பி வரும்போதுதான் பாரம் ஜாஸ்தி, சட்டுனு முறுக்கக் கூடாதுன்னு."

வேலையை விட்டுப் போகிறவர் அறுந்த வாரைத் தைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நேராக மேடம் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முக்கால் தப்பு, ஒன்றேகால்தான் சரி. நேற்று சொன்னது பொய். கொட்டகைக்குள் ட்ரம்மை வைத்து ஓட்டியதால் மோட்டார் விட்ட புகையை மோட்டாரே மறுபடி குடித்தது. நல்ல காற்று இல்லாத இடத்தில் அது பெட்ரோலைக் குறைத்துக் கேட்டது, நான் கேட்டதைக் கொடுத்தேன். ஆற்றில் நல்ல காற்று, கூடவே பாரம். அங்கே அந்தப் பெட்ரோல் பற்றவில்லை. தேன் குரலுக்கு ஆசைப்பட்டு ஒரு ஆளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்படியா? காட்டுங்க. இந்தத் தடவை ஆத்துல."

வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் போனதால் காவிரியில் தண்ணீர் நிறைந்து அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் பார்த்து நான் சொன்ன இடம் ஓயாமரிப் பக்கம், சுடுகாட்டுக்கு அருகில். நீச்சல் தெரியாத அதிகாரியைக் கூட்டிப்போக இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்கவில்லை. பெரிய சாரை மேடமே பேசி வரவழைத்திருந்தார். அவர் கரையில் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படகில் காதர் பாய், நான், பாரத்துக்காகப் பணிமனை ஆட்கள் மூன்று பேர், மேடம். "நீங்க கரையில நின்னு பாருங்க மேடம்," என்று எவ்வளவோ சொன்னேன். "கையெழுத்துப் போட்டது நானும்தானே," என்று ஏறிவிட்டார். பாய் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி, வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

முதலில் முக்கால் சுற்று. கரையை விட்டு நகரும்போது தேன் குரல். நடுவே போய் பாய் வேகத்தைக் கூட்டியதும் ஒரு தும்மல், நின்றது. மறுபடியும் செய்தோம், நின்றது. "இப்ப சோக்கைப் பாதி இழுங்க பாய்," என்றேன். இழுத்துப் பிடித்தார், ஓடியது. விடச் சொன்னேன், நின்றது. மேடம் நான்கு வரி எழுதிவிட்டு மறுபடி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒன்றேகால் சுற்று வைத்தேன். குரல் கரகரத்தது, கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் பாய் ஒரே முறுக்காக முறுக்கியும் தயங்காமல் படகைத் தூக்கிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் அம்மா மண்டபப் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேடம் பலகையிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டார்.

பிரபு, உங்களுக்கு அன்று போனில் சொல்லாமல் விட்டது இதுதான். ஒன்றேகால் தொடங்கும் இடம் மட்டுமே. ட்ரம்மில் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் அதை நம்பாதீர்கள். படகில் மாட்டி, ஆளை ஏற்றி, கியரில் போட்டு, திறந்த காற்றில் முறுக்கிப் பாருங்கள். இனிமையான இடத்திலிருந்து அரைக்கால் சுற்று வெளியே விட்டு நிறுத்துங்கள். கொஞ்சம் கரகரத்தால் கரகரக்கட்டும்.

கரை சேர்ந்ததும் பெரிய சார் கேட்டார், "அப்ப மே மாசம் ஆத்துல ஓட்டினப்ப இது தெரியலையா?"

"மே மாசம் ஆத்துல மணல்தான் சார் இருந்துச்சு. ட்ரம்லதான் ஓட்டினேன். அந்தக் கையெழுத்து பொய் சார்," என்றேன்.

"கீழ இருக்கிற கையெழுத்து?"

"என்னோடது சார். தெரிஞ்சேதான் போட்டேன்," என்றார் மேடம்.

பதிவேட்டில் அதற்கும் கீழே மூன்றாவதாக ஒரு கையெழுத்து உண்டு. அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பெரிய சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரிப்போர்ட்டைச் சரியா எழுதிக் குடுங்கம்மா," என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

மேடம் எதையும் மறைக்காமல் எழுதினார். சோக்கைப் பிடித்தது ஓட்டுநரின் சமயோசிதம் என்று தனிப் பத்தியே எழுதினார். அதைத் தட்டச்சு செய்தவர் எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. மேடத்துக்கு எழுத்தில் எச்சரிக்கை. வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே அவருடைய பதிவில் ஒரு கறை விழுந்தது, என்னால். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "அனுபவம் ஃபிட்டர் சார்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் என்னைக் கிண்டல் செய்தது அந்த ஒரே தடவைதான். அடுத்த வருடத்திலிருந்து சோதனை, ஆற்றில் தண்ணீர் திறந்த முதல் வாரத்தில் நடக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

காதர் பாயின் கோப்பு மறுபடி நகர மூன்று மாதம் ஆனது. ஆர்டர் வந்த அன்று ஒரு டப்பா நிறைய தம்ரூட் இனிப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக எனக்கு ஒரு துண்டு நீட்டினார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. அவரிடம் மட்டும் நான் சொல்லாத ஒன்று பாக்கி இருந்தது.

"பாய், நீங்க கரைக்கு வந்து சோக்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், தப்பு என்னோடதுன்னு. ரெண்டு நாள் வாயைத் தொறக்காம இருந்தேன். நீங்க ஜாக்கெட்டைக் கொண்டுவந்து குடுக்கற வரைக்கும்."

"தெரியும்ணே," என்றார்.

"என்ன தெரியும்?"

"நடு ஆத்துல சோக்கைப் பாதி இழுத்ததும் புடிச்சுச்சு பாருங்க, அப்பவே தெரியும். பெட்ரோல் பத்தலை, அண்ணன் திருகு உள்ள போயிருச்சுன்னு."

"அப்பறம் ஏன் பாய் பெரிய சார்கிட்ட சொல்லலை?"

அவர் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் போனா தினக்கூலி போகும்ணே. உங்களுக்குப் போனா சர்க்கார் வேலை போகும். பாப்பா வேற காலேஜ்ல சேந்திருந்துச்சு."

நான் பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன். அவருக்கு நான் ஏழு வயது மூத்தவன். அன்றிலிருந்து அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன். அவரும் என்னை அண்ணே என்கிறார். இப்போதும் இரண்டு பேரும் காந்தி மார்க்கெட்டில் சந்தித்தால் மாற்றி மாற்றி அண்ணே போட்டுப் பேசுவோம், காய்கறிக்காரர் யாருக்கு யார் அண்ணன் என்று கேட்டுச் சிரிப்பார்.